டாங்கோ நடை: குதிகாலா, முன்பாதமா, முழுப்பாதமா?

டாங்கோ கற்கத் தொடங்கி மூன்று நான்கு மாதம் ஆனவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பத்தில் மாட்டுகிறார்கள். "தெருவில் நடப்பது மாதிரியே நட, குதிகால் முதலில் வரட்டும்" என்று ஒரு ஆசிரியர் சொல்வார். அடுத்த வாரம் வேறொரு வகுப்புக்குப் போனால், "குதிகாலை முதலில் வைத்தால் அது அணிவகுப்பு, முன்பாதம்தான் தரையைத் தேடிப் போக வேண்டும்" என்பார்கள். சரி, புவெனஸ் ஐரிஸ் பெரியவர்கள் ஆடும் பழைய காணொளிகளைப் பார்த்துத் தெளிவோம் என்று உட்கார்ந்தால், பலருக்குப் பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படிவது போலத் தெரிகிறது.

மூன்றுமே டாங்கோவில் உள்ள நடைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு விதமான அணைப்புக்கும் (ஜோடி ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் விதம்) அடி நீளத்துக்கும் தரைக்கும் காலணிக்கும் பொருந்தி வந்தது. அதைப் பிரித்துப் பார்க்காமல் "எது சரி" என்று கேட்டால் பதில் கிடைக்காது. இங்கே பேசுவது அர்ஜென்டினா டாங்கோவின் முன்னோக்கிய நடையைப் பற்றி. மிலோங்காவில், அதாவது டாங்கோ ஆடக் கூடும் இடத்தில், ஜோடிகள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றிவரும்போது பெரும்பாலும் லீடர் (ஜோடியில் வழிநடத்துபவர்) நடக்கும் நடை அது. ஃபாலோயரின் (அவரைத் தொடர்ந்து ஆடுபவர்) பின்னோக்கிய நடையையும், போட்டிகளில் ஆடும் பால்ரூம் டாங்கோவையும் கடைசியில் சுருக்கமாகத் தொட்டுக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், உங்கள் எடை எந்த நொடியில் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகிறது என்பது அணைப்பில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்பது. டாங்கோவில் பேச்சுவார்த்தை முழுவதும் இதை வைத்துத்தான் நடக்கிறது. இரண்டாவது, அடியின் நடுவில் நிற்கச் சொன்னால் நிற்க முடிகிறதா. முன்னால் போகும் ஜோடி எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, அந்த முறை எவ்வளவு நீள அடிக்குத் தாங்கும். நான்காவது, தரையும் காலணியும். ஐந்தாவது, உடம்பு கொடுக்கும் விலை. ஒரு தாந்தா என்பது மூன்று அல்லது நான்கு பாட்டு, ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நிமிடம். முதல் தாந்தாவில் சுகமாக இருக்கும் முறை எட்டாவது தாந்தாவில் கெண்டைச்சதையைப் பிடித்து இழுக்கலாம்.

பார்க்க எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஆடுபவர்களுக்குத்தான் அது முதலில் வரும்.

## முதலில் ஒரு சின்னக் கணக்கு

இந்தச் சண்டையில் பாதி, அடியின் நீளத்தைச் சொல்லாமல் பேசுவதால் வருவது. இடுப்பிலிருந்து தரைவரை கால் 85 செ.மீ. இருப்பவர் 30 செ.மீ. அடி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு கால்களும் விரிந்திருக்கும் அந்தக் கணத்தில் முன்கால் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 10 டிகிரிதான் சாய்ந்திருக்கும். அதே ஆள் 60 செ.மீ. அடி வைத்தால் சாய்வு 20 டிகிரிக்குச் சற்று மேலே போய்விடும். கணுக்காலை இயல்பாக, செங்கோணத்தில் விட்டால் பாதமும் அதே அளவு விரலை மேலே தூக்கிக்கொண்டுதான் தரைக்கு வரும். 26 செ.மீ. பாதத்தில் 20 டிகிரி என்றால் விரல் நுனி கிட்டத்தட்ட 9 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

ஆக, குட்டி அடியில் முழுப்பாதம் தானாக வரும். நீண்ட அடியில் குதிகால் தானாக வரும். நீண்ட அடியில் முன்பாதம் முதலில் பட வேண்டுமென்றால் கணுக்காலை வேலை வாங்கி நீட்ட வேண்டும், அல்லது முன்கால் முட்டியை மடக்கி முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை நிமிர்த்த வேண்டும். சும்மா வராது.

## குதிகால் முதலில்

நெஞ்சு முதலில் கிளம்புகிறது. அதைத் தொடர்ந்து கால் இடுப்பிலிருந்து முன்னே போகிறது. குதிகாலின் பின்விளிம்பு ஓசையில்லாமல் தரையைத் தொடுகிறது, பாதம் உருண்டு முன்பாதத்துக்கு வருகிறது, அதற்குள் எடை முழுவதும் அந்தக் காலுக்கு வந்துவிடுகிறது. இந்த உருளல்தான் இதன் பெரிய பலம். எடை ஒரே இடத்தில் தொப்பென்று விழாமல் பாதத்தின் நீளம் முழுவதும் பரவி மாறுவதால், ஃபாலோயருக்கு அடியின் தொடக்கமும் முடிவும் தெரிகிறது, நடுவில் மெதுவாக்கவும் இடம் கிடைக்கிறது. கார்லோஸ் டி சார்லி இசைக்குழுவின் 1950-களின் பதிவுகள் போல் நிதானமாக, நீளமாக இழுத்து வாசிக்கும் இசைக்கு இது பொருந்துவதற்குக் காரணம் அதுதான். புவெனஸ் ஐரிஸின் வில்யா உர்கீசா வட்டாரத்தின் சலோன் பாணியில் நீண்ட, அமைதியான நடைக்கு மதிப்பு அதிகம். அப்படி நடக்க விரும்புபவர்கள் இதைக் கற்காமல் தப்ப முடியாது.

தப்பு எங்கே வருகிறது? விரலை நன்றாகத் தூக்கிக்கொண்டு குதிகாலைக் குத்துவதில். மேலே சொன்ன 9 செ.மீ.யை அப்படியே விட்டால் அது அணிவகுப்புதான், அந்த ஆசிரியர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. கணுக்காலை நீட்டி, விரல் நுனி தரையிலிருந்து 2, 3 செ.மீ.க்கு மேல் எழாமல் வைத்தால் போதும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் குதிகால் முதலில் பட்டதே தெரியாது. நல்ல ஆட்டக்காரர்கள் "முழுப்பாதமாக" நடப்பதாகக் காணொளியில் தெரிவதில் கணிசமான பங்கு உண்மையில் இந்த அடக்கமான குதிகால் நடை. வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பாருங்கள், பிடிபடும்.

இன்னொரு தப்பு இதைவிட மோசம்: நெஞ்சைப் பின்னால் விட்டுவிட்டுக் காலை மட்டும் முன்னே அனுப்புவது. குதிகால் தரையில் ஊன்றி பிரேக் போட்டதுபோல் நிற்கும், உடம்பு அதன்மேல் ஏறி வரவேண்டியிருக்கும். ஃபாலோயருக்கு ஒவ்வொரு அடியிலும் ஒரு குலுக்கல். கூடவே, அவர் காலை எடுப்பதற்கு முன்பே உங்கள் கால் அங்கே போய்விடுவதால் மிதியும் வாங்குவார். மெழுகு பூசிய மரத்தரையில் இப்படி எடையைப் பின்னால் வைத்துக் குதிகால் விளிம்பில் இறங்கினால் வழுக்கி விழவும் வாய்ப்பு உண்டு.

மறைவான செலவு: கணுக்காலுக்கு மேல், முன்பக்க எலும்பை ஒட்டிய தசை. விரலைத் தூக்கிப் பிடிக்கும் வேலை அதனுடையது. முதல் சில வாரம் அங்கே வலித்தால் விரலை அளவுக்கு மேல் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

## முன்பாதம் முதலில்

பெருவிரலும் அதை அடுத்த மேடும் முதலில் தரையைத் தொடும், பிறகு குதிகால் இறங்கும். "பிறகு குதிகால் இறங்கும்" என்பதைப் பலர் காதில் வாங்குவதே இல்லை. குதிகாலை இறக்காமல் ராத்திரி முழுக்க நுனிக்காலில் ஆடினால் எடை எப்போதுமே முழுதாக வந்து சேராது. அணைப்பில் இருப்பவர் "வந்துவிட்டாரா, இன்னும் வரவேண்டியிருக்கிறதா" என்று ஒவ்வொரு அடியிலும் காத்திருப்பார். தலையும் அடிக்கு அடி மேலும் கீழும் ஆடும். டாங்கோவில் தலை ஒரே மட்டத்தில் மிதந்து போக வேண்டும்.

ஒழுங்காகச் செய்தால் இதற்கு இரண்டு உண்மையான பலன். ஒன்று, தரையைத் தொட்ட பிறகும் எடையைக் கொடுக்காமல் இருக்கலாம். அதாவது, காலை வைத்துவிட்டு மனம் மாறலாம், பின்வாங்கலாம், திசையை மாற்றலாம். நெரிசலில் இது பெரிய வசதி. இரண்டு, எடை முன்னே இருக்கத்தான் செய்யும், பின்னால் சாய்ந்து நடக்கும் வியாதி தானாகக் குறையும். அதனால் பயிற்சிக் கருவியாக இதற்கு இணை கிடையாது. பின்னே சாயும் பழக்கம் உள்ளவர்களை இரண்டு வாரம் முன்பாத நடை மட்டும் நடக்கச் சொல்லி, பிறகு குதிகால் நடைக்குத் திருப்பினால் நெஞ்சு தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

செலவு கெண்டைச்சதையிலும் குதிகால் தசைநாணிலும் ஏறுகிறது. இறங்கும் எடையை ஒவ்வொரு முறையும் அவைதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். பெருவிரல் மூட்டில் புடைப்பு உள்ளவர்கள், முன்பாத எலும்புகளில் வலி உள்ளவர்கள், குதிகால் தசைநாண் புண்பட்டவர்கள் இதை முழுநேர நடையாக எடுக்கவே கூடாது. 50 செ.மீ.க்கு மேல் அடி வைக்கிற லீடருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கணுக்காலின் வேலை கூடக் கூட நடையில் ஒரு பாசாங்கு தெரியும், பூனை மாதிரி பதுங்குவதாக.

## முழுப்பாதம்

பாதம் தரைக்கு இணையாக வந்து, உள்ளங்கால் மொத்தமும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் படியும். அணைப்பு நெஞ்சோடு நெஞ்சாக நெருங்கி, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் லேசாகச் சாய்ந்து ஆடும் அபிலாதோ நிலையில் இதுதான் இயல்பு. உடம்பு ஏற்கெனவே காலுக்கு முன்னால் இருப்பதால் கால் அதிக தூரம் போகாது, 25 முதல் 35 செ.மீ. அடி, உடம்புக்கு நேர் கீழே வந்து இறங்கும். புவெனஸ் ஐரிஸ் நகர மையத்தின் நெரிசலான கூடங்களில் வளர்ந்த மிலோங்கேரோ பாணி இப்படிப்பட்டது. ஹுவான் தாரியென்சோ இசைக்குழுவின் 1930-களின் பிற்பகுதிப் பதிவுகளைப் போல் துள்ளலாக, தாளம் வெட்டி வெட்டி விழும் இசைக்கும் இது கச்சிதம். பாதம் விழுவதும் தாளம் விழுவதும் ஒன்று.

எடை மாறியதா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. நிற்பதும் எளிது. ஆனால் உருளல் இல்லாததால் "மெதுவாக வந்து சேர்" என்று இசை கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. அடியை நீட்டினால் முட்டியை மடக்க வேண்டியிருக்கும், மடக்கினால் உயரம் குறையும், தொப்பென்று விழும். மரத்தரையில் சத்தமும் கேட்கும்.

பரதநாட்டியம் பயின்று டாங்கோவுக்கு வருபவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். தட்டடவில் முழுப்பாதத்தைத் தரையில் அறைந்து பழகிய கால், டாங்கோவிலும் அறையும். அங்கே அந்த ஒலி வேண்டும், இங்கே ஃபாலோயரின் முதுகெலும்பு வரை அது போய்ச் சேரும். அரைமண்டியில் பக்கவாட்டில் திரும்பிப் பழகிய விரல்களும் அப்படியே வரும். டாங்கோவில் விரல்கள் வெளிப்பக்கம் 10, 15 டிகிரி திரும்பினால் போதும். அதற்கு மேல் போனால் முட்டிகள் ஒன்றையொன்று உரசிக் கடக்க முடியாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | குதிகால் | முன்பாதம் | முழுப்பாதம் |
|---|---|---|---|
| எடை மாற்றம் தெரிவது | படிப்படியாக, தெளிவாக | குதிகாலை இறக்கினால் மட்டும் தெளிவு | உடனடியாக, திட்டவட்டமாக |
| நடுவில் நிறுத்துவது | பழகினால் முடியும் | மிக எளிது | எளிது |
| பொருந்தும் அடி நீளம் | 45–65 செ.மீ. | 40 செ.மீ. வரை | 25–40 செ.மீ. |
| அணைப்பு | திறந்தது (இடைவெளி விட்டது), நிமிர்ந்த நெருக்கம் | எதுவும் | சாய்ந்த நெருக்கம் |
| தரை | வழுக்கலில் கவனம் தேவை | ஒட்டும் தரையில் திரும்பக் கடினம் | எந்தத் தரையும் |
| உடம்பில் செலவு | காலின் முன்பக்கத் தசை | கெண்டைச்சதை, முன்பாத எலும்பு | முட்டி, இடுப்பு |
| வழக்கமான தவறு | உடம்பு பின்தங்குவது | தலை குதிப்பது | மிதித்து நடப்பது |

## ஹை ஹீல்ஸ் போட்டால் கணக்கு மாறும்

ஃபாலோயரும் முன்னே நடக்கிறார், ஓச்சோவிலும் (எட்டு வடிவில் போகும் அடிகள்) திருப்பங்களிலும் முன்னடி நிறைய உண்டு. 8 செ.மீ. ஹீல்ஸில் நிமிர்ந்து நிற்கும்போதே கணுக்கால் 25 டிகிரியாவது நீண்டிருக்கும். அதோடு 60 செ.மீ. அடி வைத்து, செருப்பின் அடிப்பாகம் தரைக்கு இணையாக இறங்க வேண்டுமென்றால் இன்னொரு 20 டிகிரி நீட்ட வேண்டும். மொத்தம் 45. பெரும்பாலான கணுக்கால்கள் கிட்டத்தட்ட அதோடு முடிந்துவிடும். ஆகவே ஹீல்ஸில் நேர்க்காலோடு நீள அடி வைத்தால் மெல்லிய ஹீல் நுனிதான் முதலில் குத்தும், அதன்மேல் எடை ஏறினால் கணுக்கால் பக்கவாட்டில் மடங்கும்.

வழி இரண்டு: அடியைக் குறைப்பது, அல்லது இறங்கும் காலின் முட்டியை லேசாகத் தளர்த்தி முன்பாதத்தில் இறங்குவது. ஹீல்ஸில் முன்னடிக்கு முன்பாதமே என் தேர்வு. வகுப்பில் 5 செ.மீ., மிலோங்காவில் 8 அல்லது 9 என்று மாற்றி மாற்றிப் போடுபவர்கள் இரண்டிலும் தனித்தனியாக நடந்து பழக வேண்டும். ஒரே நடை இரண்டுக்கும் ஒத்துவராது. ஆண்கள் காலணியின் 2 அல்லது 2.5 செ.மீ. குதி இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது.

பின்னோக்கிய நடையில் தேர்வுக்கு இடம் குறைவு. கால் இடுப்பிலிருந்து பின்னே நீளும், பெருவிரலின் உள்விளிம்பு தரையை உரசிப் போகும், முன்பாதம் இறங்கும், எடை வந்து சேரும்போது குதிகால் இறங்கும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிடுபவர்கள்தான் "பின்னே தள்ளுகிறார்" என்று லீடரைக் குறை சொல்வார்கள்.

## எந்தக் கோட்டில் வைப்பது

பாதத்தின் எந்தப் பகுதி என்பதைவிட, பாதத்தை எங்கே வைக்கிறோம் என்பது நடையை அதிகம் கெடுக்கிறது. இரண்டு கால்களையும் இடுப்பகலத்தில் வைத்துத் தண்டவாளத்தில் போவதுபோல் நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் உடம்பு பக்கவாட்டில் நகர்ந்தே ஆக வேண்டும். ஃபாலோயருக்கு அது படகுச் சவாரி. நேர்மாறாக, ஒரே கோட்டில் பாதத்துக்கு முன் பாதமாக வைத்தால் அந்தப் பக்கவாட்டு ஆட்டம் நிற்கும், பார்க்கவும் அழகு, ஆனால் சமநிலை ஊசிமுனையில். தொடக்கத்தில் அதற்குப் போக வேண்டாம். தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, இரு பாதங்களின் உள்விளிம்பும் அந்தக் கோட்டைத் தொடும்படி நடப்பது நடுவழி. கணுக்கால்கள் கடக்கும்போது உரசினால் சரியாக நடக்கிறீர்கள். வீட்டில் டைல்ஸ் தரை இருந்தால் இரண்டு டைல்ஸ் சேரும் கோடே போதும். சாக்ஸ் மட்டும் போட்டு நடக்காதீர்கள், வழுக்கும்.

ஜோடியாக வரும்போது, நேருக்கு நேர் நடந்தால் இருவர் கால்களும் இரண்டு தடத்தில் போகும். லீடர் ஓர் அடியைக் கூடுதலாக மாற்றி, இருவரும் ஒரே பக்கக் காலில் நடக்கும் குறுக்கு முறைக்குப் போய்ச் சற்று விலகினால் மூன்று தடம். இணை முறையிலேயே, அதாவது லீடரின் இடக்காலுக்கு ஃபாலோயரின் வலக்கால் என்ற வழக்கமான முறையிலேயே, ஃபாலோயரின் வெளிப்பக்கம் போனால் நான்கு. வெளிப்பக்கம் நடக்கும்போது மேலுடம்பு ஜோடியை நோக்கியும் இடுப்பு போகும் திசையை நோக்கியும் இருக்க வேண்டும். அந்தத் திருகல் வராதவரை முழுப்பாத நடையோடு இரண்டு தடத்திலேயே இருங்கள். குதிகால் நடையில் மிதிபடும் வாய்ப்பு அதிகம்.

## யாருக்கு எது

திறந்த அணைப்பில் கற்கத் தொடங்கிய லீடர், இடம் தாராளமாக உள்ள கூடம்: குதிகால், விரலை அடக்கி.

நெரிசலான மிலோங்கா, நெஞ்சோடு சேர்ந்த அணைப்பு: முழுப்பாதம், குட்டி அடி. இடம் கிடைக்கும் இரண்டு மூன்று அடிக்கு மட்டும் குதிகாலுக்கு மாறலாம்.

பின்னே சாயும் பழக்கம் உள்ளவர், ஹீல்ஸில் முன்னே நடப்பவர்: முன்பாதம். முதலாமவருக்கு மருந்து மாதிரி, கொஞ்ச நாளைக்கு.

பால்ரூம் டாங்கோப் போட்டிக்குத் தயாராகிறவர்: யோசிக்க ஒன்றுமில்லை, முன்னோக்கிய நடை குதிகாலில்தான். முட்டிகள் மடங்கியபடி, ஏற்ற இறக்கம் இல்லாமல், நடை இடப்பக்கம் வளைந்து போகும், பாதம் தரையை உரசாமல் எடுத்து வைக்கப்படும். அந்தப் பழக்கத்தோடு அர்ஜென்டினா டாங்கோவுக்கு வந்தால் முதலில் மாற்ற வேண்டியது குதிகாலை அல்ல, காலை எடுத்து வைக்கும் வழக்கத்தை.

எதை எடுத்தாலும் வாரம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மெதுவான ஒரு பாட்டைப் போட்டு, தனியாக நடந்து, நான்காவது அடியில் பின்காலைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள். இரண்டு நொடி ஆடாமல் நிற்க முடிந்தால் எடை முழுதாக வந்திருக்கிறது. பின்னால் விழுகிறீர்கள் என்றால் நெஞ்சு பின்தங்குகிறது, முன்பாதத்துக்கு மாறுங்கள். முன்னால் விழுகிறீர்கள் என்றால் குதிகால் இறங்கவில்லை. பக்கவாட்டில் விழுந்தால் குதிகால், முன்பாதம் எதற்கும் இதில் பங்கில்லை, பாதங்களுக்கு இடையிலான அகலத்தைப் பாருங்கள்.